கீறல் கணக்கு

கரும்பு வண்டியைத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.
நெல்லிக்குப்பத்தில் லோடு இறக்கிய கையோடு
தாழங்குடா மணலில் வந்து நிற்கிறது டிராக்டர்.
பின்னால் பதினாறடி டிரெய்லர்.
தகட்டில் நான்கு போல்ட் தலைகள் துருத்திக்கொண்டு.
கண்ணால் எண்ணியது நான்கு.
கையால் தடவியபோது ஐந்து.

வங்கிக்காரர் பெயர் இளவழுதி.
பேனா கசிந்து சட்டைப்பையில் நீலமாய் ஒரு தீவு.
"ஏத்திடுங்க, பதினொன்னுக்குள்ள போகணும்."
கடன் என் பெயரில், படகும் என் பெயரில்.
இன்றைக்குப் படகை மட்டும் கொண்டுபோகிறார்.

எஞ்சினை முதலில் கழற்றச் சொன்னேன்.
பிறகு பின்னடி அடைப்பானை நானே பிடுங்கினேன்.
தண்ணீரோடு தூக்கினால் ஃபைபர் வயிறு வெடிக்கும்.
பழுப்பாய் வடிந்தது
ஒரு பருவத்துக் கடல்,
டீசல் வானவில்,
செத்த நண்டு,
போன மாசி மகத்தில் காணாமல்போன
என் கொலுசுத் திருகு.

"கரும்புன்னா வீசிப் போட்டுருவோம்க்கா"
என்றான் டிரைவர் வில்லாளன்.
இது கரும்பில்லை தம்பி.
கீறினால் சாறு வெளியே வராது,
கடல் உள்ளே போகும்.

சக்கரம் இரண்டுக்கும் குழி தோண்டினோம்.
வால் தாழ்ந்தது டிரெய்லருக்கு.
மூலையில் கிடந்த கரும்புச் சோகையை வாரி
போல்ட் தலைகளின் மேல் மெத்தை போட்டேன்.
அதன்மேல் கிழிந்த டயர்.
அதன்மேல் நனைத்த சாக்கு.
மணலில் உருள
போர்வெல் போட்டவனிடம் இரவல் கேட்ட
பிவிசி குழாய் ஆறு.

எட்டுப் பேர்.
பாட்டெல்லாம் இல்லை.
ஒன்று, ரெண்டு, நிப்பாட்டு.
ஒன்று, ரெண்டு,
கயிறு ஒரே கொக்கியில் வேண்டாம், இரண்டு பக்கமும் பிரி,
நிப்பாட்டு.

விளிம்புதான் எமன்.
முகப்பு மேலே ஏறி, பாரம் முழுதும்
தகட்டின் ஒரு விரல் அகலத்தில் நிற்கிற அந்த நேரம்
யாரும் தும்மக்கூடாது.
நான் இன்னொரு சாக்கைச் செருகக் குனிந்தேன்.

"எங்களுக்குப் போற படகுக்கா இவ்வளவு பாக்குறீங்க?"

ஏலத்தில் ஒரு கீறலுக்கு ஐயாயிரம் குறைப்பான் சார்.
குறைகிற ஐயாயிரமும்
என் கணக்கில்தானே நிற்கும்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
செருப்பைக் கழற்றி ஃபைலின் மேல் வைத்தார்,
காற்றில் பறக்காமலிருக்க.
பேண்ட்டை முட்டிவரை மடித்துக்கொண்டு
இடதுபக்கம் வந்து தோள் கொடுத்தார்.
ஒன்பது பேர்.

ஏறிவிட்டது.
ஏறியபின்தான் அடி தெரிந்தது எல்லோருக்கும்.
வெள்ளையில் வேறு வெள்ளையாய்
உள்ளங்கை அளவு ஒட்டு.
போனை எடுத்தார். "இது?"
நிழல் என்று சொல்லியிருக்கலாம்,
வெயிலும் அதற்குத் தோதாகத்தான் இருந்தது.
முகத்துவாரக் கல் சார்.
ஒட்டி ரெண்டு வருஷம், ஒரு சொட்டு வந்ததில்லை.
படம் எடுத்தார். ஏதோ எழுதினார்.
தலைகீழாய் வாசிக்க எனக்கு வரும்,
அவர் கையெழுத்து விடவில்லை.

இருபத்தெட்டடிப் படகு, பதினாறடி டிரெய்லர்.
மீதி அந்தரத்தில்.
வாலில் என் பழைய சிவப்பு ஜாக்கெட்டைக் கட்டினேன்.
கயிறு உரசும் இடமெல்லாம் வலையை மடித்து வைத்தேன்.
குண்டு உப்பலவாடி வேகத்தடையில்
மெதுவாப் போ, வில்லாளா.
அங்கே மாடு படுத்திருக்கும், எழுப்பாமல் சுற்றிப் போ.

போனது.
இடுப்பில் ஏதோ உறுத்திற்று.
சேலை மடிப்பில் செருகிய அடைப்பான்.
இருபது ரூபாய்ப் பொருள்.
அது இல்லாமல் யார் தண்ணீரில் இறக்கினாலும்
கால்மணி நேரத்தில் பாதி மூழ்கும்.

கூப்பிட்டேன்.
டிராக்டர் சத்தத்தில் கேட்டிருக்காது.
உரக்கக் கூப்பிடவில்லை
என்பதும் உண்மை.